விளைநிலத்துக்கு அடியில் ஓடும் எண்ணெய்: லாபம் யாருக்கு, ஆபத்து யாருக்கு?

கோவை இருகூரிலிருந்து பெங்களூரு பக்கத்தில் உள்ள தேவனகொந்திக்குப் பெட்ரோலியப் பொருட்களைக் கொண்டுபோகும் ஐ.டி.பி.எல். குழாய்த் திட்டம் பல வருடங்களாகச் செய்தியில் அடிபடுகிறது. சூலூர், பல்லடம், காங்கேயம் பக்கத்து விவசாயிகள் குழாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. விளைநிலத்தை விட்டுவிட்டுச் சாலையோரமாகக் கொண்டுபோங்கள் என்கிறார்கள். எண்ணெய் நிறுவனங்களோ, எண்ணெயைக் கொண்டுபோக இதைவிட மலிவான, பாதுகாப்பான வழி கிடையாது என்கின்றன. இரண்டு பக்கமும் சொல்வதில் உண்மை இருக்கிறது. குழப்பமே அதனால்தான்.

குழாயால் வரும் லாபம் கோடிக்கணக்கான பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. ஆபத்து மட்டும் குழாய் போகிற சில மீட்டர் அகலப் பட்டையில் நிலம் வைத்திருப்பவர்கள் தலையில் மொத்தமாக இறங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட நம் சட்டம் வைத்திருக்கும் வழி மிகவும் பழையது, மிகவும் சிறியது. குழாயின் நன்மை தீமைகளை எடை போடுகிற எவரும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது?

"கேஸ் குழாய்", "எண்ணெய்க் குழாய்", "கெயில் குழாய்" என்று எல்லாமே ஒன்றாகப் பேசப்படுகிறது. உள்ளே ஓடும் பொருளைப் பொறுத்து ஆபத்தின் தன்மையே மாறும்.

1. கச்சா எண்ணெய்க் குழாய்: துறைமுகத்திலிருந்தோ எண்ணெய்க் கிணற்றிலிருந்தோ சுத்திகரிப்பு ஆலைக்குப் போவது. சென்னைத் துறைமுகத்திலிருந்து மணலிக்குப் போவது இந்த வகை. கசிந்தால் தார் மாதிரி ஒட்டும். மண்ணையும் நீர்நிலையையும் கெடுக்கும்.

2. பெட்ரோலியப் பொருள் குழாய்: சுத்திகரித்த பெட்ரோல், டீசல் போன்றவற்றைக் கிடங்குக்குக் கொண்டுபோவது. கொச்சியிலிருந்து கோவை வழியாகக் கரூருக்கு இப்படி ஒரு குழாய் பல வருடங்களாக ஓடுகிறது. ஐ.டி.பி.எல். திட்டமும் இதே வகைதான். கசிந்தால் மண்ணுக்குள் வேகமாக இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

3. இயற்கை எரிவாயுக் குழாய்: கெயில் நிறுவனத்தின் கொச்சி–பெங்களூரு திட்டம் இந்த வகை. இந்த வாயு காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்விடும். நீரைக் கெடுப்பது குறைவு. ஆனால் தீப்பிடித்தால் அந்த இடத்தில் தப்பிக்க நேரம் இருக்காது.

4. எல்பிஜி குழாய்: சமையல் எரிவாயு. கொச்சி–சேலம் குழாய் இதற்கானது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது; பள்ளத்திலும் வாய்க்காலிலும் தேங்கி நிற்கும், தூரத்தில் உள்ள ஒரு தீப்பொறி போதும்.

கொங்கு மண்டலம் வழியாக மேலே சொன்ன கடைசி மூன்று வகைகளுமே திட்டமிடப்பட்டிருக்கின்றன. ஒரே ஊர்க்காரர்கள் மூன்று முறை வேறு வேறு அறிவிக்கையைப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் அது.

குழாய் எப்படி வேலை செய்கிறது?

எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து, வெளியே பாலிஎத்திலீன் பூச்சு கொடுத்து, மண்ணுக்கடியில் பதிக்கிறார்கள். சட்டப்படி மேல்மட்டத்திலிருந்து 1 மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கக் குழாய்க்கு மெல்லிய மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இடையிடையே எண்ணெயைத் தள்ள பம்ப் நிலையங்கள், ஓட்டத்தை நிறுத்த வால்வு நிலையங்கள். அழுத்தம், ஓட்டம் எல்லாம் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையின் திரையில் தெரியும். குழாய்க்குள்ளேயே ஓடும் "பிக்" என்ற கருவி சுவர் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் என்று அளந்து சொல்லும்.

இவ்வளவு ஏற்பாடும் சரியாக நடந்தால் குழாய் மிக நம்பகமானது. அதில் சந்தேகமில்லை.

பொருளாதார நன்மை: கணக்குப் போட்டுப் பார்த்தால்

நாளைக்கு 1 லட்சம் பீப்பாய் கொண்டுபோகும் ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். அப்படியானால் 1.59 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் தினமும் சுமார் 1,325 லோடு. லாரிகள் காலியாகத் திரும்பி வருவதையும் சேர்த்தால் சாலையில் அதைப்போல இரண்டு மடங்கு ஓட்டம். அந்த லாரிகள் எரிக்கும் டீசல், விடும் புகை, தேயும் சாலை, ஏற்படும் விபத்து அத்தனையும் குழாய் வந்தால் மிச்சம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. எண்ணெய் கடற்கரையில் இறங்குகிறது, தேவை உள்நாட்டில் இருக்கிறது. ஆகவே இடையில் ஆகும் போக்குவரத்துச் செலவு நாட்டுக்கே பெரிய செலவு.

பாதுகாப்பிலும் குழாய்க்கு வலுவான வாதம் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் கேரளாவின் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் ஒரு எல்பிஜி டேங்கர் லாரி கவிழ்ந்து தீப்பிடித்ததில் 20 பேர் இறந்தார்கள். 2013 ஜூலையில் கனடாவின் லாக்-மெகாண்டிக் ஊரில் கச்சா எண்ணெய் ஏற்றிவந்த ரயில் தடம்புரண்டு வெடித்தபோது 47 பேர் இறந்தார்கள், ஊரின் நடுப்பகுதியே எரிந்தது. "குழாய் வேண்டாம்" என்றால் எண்ணெய் வராமல் நின்றுவிடாது. சாலையிலும் தண்டவாளத்திலும் வரும். ஆகவே இந்த ஆபத்தையும் தராசில் வைத்தாக வேண்டும்.

அப்புறம், வேலைவாய்ப்பு. குழாய்த் திட்டங்களுக்காகச் சொல்லப்படும் வாதங்களில் இதுதான் மிகவும் பலவீனமானது. அமெரிக்காவின் கீஸ்டோன் எக்ஸ்எல் குழாய் கட்டுமானக் காலத்தில் நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 42,100 வேலைகளுக்கு ஆதாரமாக இருக்கும் என்று அந்நாட்டு வெளியுறவுத் துறை கணக்கிட்டது. கட்டி முடித்தபின் எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்றும் அதே ஆய்வு சொன்னது: சுமார் 50 பேர். அந்தத் திட்டத்தின் அனுமதி 2021 ஜனவரியில் ரத்தானது வேறு கதை. ஆனால் இந்த இரண்டு எண்களும் எல்லாக் குழாய்களின் இயல்பையும் காட்டுகின்றன. தோண்டிப் பதிக்கும்வரைதான் வேலை. நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தென்னிந்தியாவின் எல்பிஜி டேங்கர் லாரி தொழிலின் மையம் நாமக்கல். குழாய் வழியாக எரிவாயு வரும் தூரத்துக்கெல்லாம் அந்த லாரிகளுக்கு லோடு குறையும். குழாய் வேலை தரும் என்று சொல்பவர்கள் இந்தக் கழித்தலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கசிவு ஏன் கண்ணில் படுவதில்லை?

எந்த நேரமும் திரையில் கண்காணிப்பதால் கசிந்தவுடன் தெரிந்துவிடும் என்று ஊர்க் கூட்டங்களில் அதிகாரிகள் விளக்குவது வழக்கம். இந்த உறுதிமொழியை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2010 ஜூலை 25, மாலை. மார்ஷல் என்ற ஊருக்கு அருகே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 30 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய் இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. 1969இல் பதித்த குழாய். வெளிப்பூச்சு உரிந்து, உள்ளே ஈரம் புகுந்து, துருவும் விரிசலும் சேர்ந்து வளர்ந்திருந்தன. கட்டுப்பாட்டு அறை கனடாவின் எட்மன்டனில், அங்கிருந்து வெகுதூரத்தில். அங்கே எச்சரிக்கை மணி அடிக்கத்தான் செய்தது. ஆனால் குழாயை வழக்கப்படி நிறுத்தும் நேரம் அது. அதனால் உள்ளே எண்ணெய்க்கு நடுவே வெற்றிடம் உண்டாகியிருக்கும், அழுத்தம் குறைந்தது அதனால்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். வெற்றிடத்தை நிரப்பலாம் என்று மறுநாள் காலையில் இரண்டு முறை பம்பைத் திரும்பவும் ஓட்டினார்கள். வெளியேறிய எண்ணெயில் 81 சதவீதம் இந்த இரண்டு ஓட்டத்தில் கொட்டியதுதான் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிறகு கண்டறிந்தது.

17 மணி நேரம் கழித்து, உள்ளூர் எரிவாயு நிறுவனத்துக்காரர் ஒருவர் ஓடையில் எண்ணெய் ஓடுவதைப் பார்த்து போன் செய்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் 30 லட்சம் லிட்டருக்கு மேல் டால்மேட்ஜ் ஓடையிலும் கலமசூ ஆற்றிலும் கலந்துவிட்டது. அதில் ஒரு பகுதி கனமான எண்ணெய் என்பதால் மிதக்காமல் ஆற்றின் அடியில் போய்ப் படிந்தது. தூர்வாரும் வேலை வருடக்கணக்கில் நீண்டது. செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது. சுமார் 320 பேர் உடல்நலக் கோளாறு சொன்னார்கள்.

மிகவும் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. பிளந்த அதே துண்டில் விரிசல் போன்ற ஆறு குறைகள் இருப்பதை 2005 ஆய்விலேயே கருவி காட்டியிருந்தது. தோண்டிப் பார்க்கவில்லை. கருவி தன் வேலையைச் செய்தது, மணியும் அடித்தது. மனிதர்களும் நிர்வாகமும்தான் தவறினார்கள்.

இது பெரிய உடைப்பு. சின்னக் கசிவு இன்னும் சிக்கலானது. உள்ளே போன அளவையும் வெளியே வந்த அளவையும் ஒப்பிட்டுக் கசிவைக் கண்டுபிடிக்கும் முறையில், மொத்த ஓட்டத்தில் சுமார் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் கசிவைப் பிடிப்பது பொதுவாகக் கடினம். மேலே சொன்ன 1 லட்சம் பீப்பாய்க் குழாயில் 1 சதவீதம் என்றால் தினமும் 1,59,000 லிட்டர், அதாவது 13 டேங்கர் லாரி. அதில் பத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் நாளைக்கு ஒரு லாரிக்கு மேல் மண்ணுக்குள் போகும்; திரையில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம்.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்களில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. துறைமுகப் பக்கமிருந்து எண்ணெய்க் கிடங்குக்குப் போகும் நிலத்தடிக் குழாயில் கசிவு. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, தண்ணீரில் கரையக்கூடியது. ஒருமுறை நிலத்தடி நீருக்குள் போய்விட்டால் அதை எடுப்பது லேசில்லை. கிணற்றையும் போரையும் நம்பியே தோப்பு வைத்திருக்கும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஒரு கிணறு போனால் ஒரு குடும்பத்தின் வருமானமே போச்சு.

எரிவாயுக் குழாயின் ஆபத்து 2014 ஜூன் 27 அன்று தெரிந்தது. ஆந்திராவின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற பெயருள்ள கிராமத்தில் கெயில் குழாய் கசிந்து வெடித்ததில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரமில்லாத வாயுவுக்கான குழாயில் ஈரம் கலந்த வாயு ஓடியதால் உள்ளே அரிப்பு உண்டானது.

1962ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

குழாய் போடுவதற்காக நிலத்தை அரசு வாங்குவதில்லை. 1962இல் வந்த பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டத்தின்படி "உபயோக உரிமை" மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆனால் குழாய்ப் பட்டையில்:

1. வீடோ வேறு கட்டடமோ கட்டக் கூடாது.
2. கிணறு, குட்டை, தொட்டி, அணை எதுவும் வெட்டக் கூடாது.
3. மரம் நடக் கூடாது.

பருவப் பயிர் செய்யலாம். நெல்லோ சோளமோ போடுகிறவருக்கு இது சமாளிக்கக்கூடிய இழப்பு. தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு அந்தப் பட்டை என்றைக்கும் தோப்பாகாது.

இதற்கு இழப்பீடு: பயிர், மரம் போன்ற சேதத்துக்குத் தனியாக ஒரு தொகை. நிலத்தில் எடுத்துக்கொண்ட உரிமைக்கு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்.

ஒரு உதாரணக் கணக்கு. பட்டையின் அகலம் 20 மீட்டர், உங்கள் நிலத்தில் அது 100 மீட்டர் நீளம் ஓடுகிறது என்று வையுங்கள். 2,000 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 49 சென்ட், சுமார் அரை ஏக்கர். ஏக்கர் 40 லட்சத்துக்குக் கிரயமாகும் இடம் என்றால் அந்த அரை ஏக்கரின் மதிப்பு 20 லட்சம். உரிமைத் தொகை 2 லட்சம். வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிட்டு, அது ஏக்கருக்கு 10 லட்சம்தான் என்றால் கையில் வருவது 50,000. அதே நிலத்தை நாளைக்கு விற்கப் போனால், குழாய் போகிற நிலம் என்று தெரிந்தவுடன் விலை எவ்வளவு இறங்கும் என்பது நிலம் வாங்கி விற்ற யாருக்கும் தெரியும். பட்டைக்கு வெளியே இருக்கும் நிலத்தின் விலையும் சேர்ந்தே இறங்கும், அதற்குச் சட்டத்தில் கணக்கே இல்லை.

இன்னொன்று. இந்தச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது குழாயைச் சேதப்படுத்துவோருக்கான தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. எண்ணெய்த் திருட்டைத் தடுக்க அது தேவைதான். ஆனால் 10 சதவீதம் அப்படியே இருந்தது. தண்டனை கூடியது, நில உரிமையாளரின் பங்கு கூடவில்லை. இது சரியில்லை.

கேரளா என்ன செய்தது என்று பார்க்கலாம். கொச்சி–மங்களூரு எரிவாயுக் குழாய்க்கு எதிராக 2017இல் கோழிக்கோடு மாவட்டம் முக்கத்தில் பெரிய போராட்டம் நடந்தது. அதன்பின் அந்த மாநில அரசு இழப்பீட்டை உயர்த்தியது. 10 சென்ட்டும் அதற்குக் குறைவாகவும் நிலம் உள்ளவர்களுக்கு 5 லட்ச ரூபாய் ஆறுதல் தொகை அறிவித்தது. 2021 ஜனவரியில் குழாய் திறக்கப்பட்டது. அதே கெயில் திட்டத்தில் பெங்களூரு பக்கம் போகும் கிளையின் தமிழகப் பகுதி, ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர், முட்டிக்கொண்டு நின்றது. 2013இல் தமிழக அரசு குழாயை நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுபோகச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் மாநிலத்தின் மனு தள்ளுபடியானது. வழக்கில் ஜெயித்தும் வேலை நகரவில்லை. சட்டப்படி சரி என்பதும் ஊரார் ஏற்பதும் வேறு வேறு விஷயங்கள்.

சாலையோரம் சாத்தியமா?

விவசாயிகளின் இந்தக் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, சாலையை அகலப்படுத்தும்போது குழாயை மாற்ற வேண்டிவரும். இது உண்மையான சிக்கல், செலவும் பெரிது.

இரண்டாவது, சாலையோரத்தில் குடிநீர், மின்சாரம், இணையம் என்று எல்லோரும் தோண்டுவார்கள். குழாய் உடைவதற்கு உலகெங்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று இப்படித் தெரியாமல் தோண்டுவது. இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது, நெடுஞ்சாலையோரத்தில்தான் ஊர்களும் கடைகளும் நெருக்கமாக இருக்கின்றன. விபத்து நடந்தால் பாதிப்பு அதிகம். இதுவும் சரிதான். ஆனால் கொங்குப் பகுதியில் தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டி வாழ்வது வழக்கம். வரைபடத்தில் காலி நிலமாகத் தெரிவது உண்மையில் காலியாக இருப்பதில்லை.

சாலையோரம் முழுக்கச் சாத்தியமில்லை என்பதும் சரியில்லை, முழுக்கப் பாதுகாப்பு என்பதும் சரியில்லை. எந்த நீளத்துக்குச் சாலையோரம் போகலாம், எங்கே தோட்டம் வழியாகப் போயே ஆக வேண்டும் என்று கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பிரித்து, செலவு வித்தியாசத்தையும் சேர்த்து வெளியிட்டால் பாதிச் சண்டை தீரும். அந்தக் கூடுதல் செலவைக் குழாயால் பலன் பெறும் கோடிக்கணக்கான பேருக்குப் பிரித்தால் லிட்டருக்குச் சில பைசாவாகக்கூட வராமல் போகலாம். அந்தக் கணக்கை ஏன் மக்கள் முன் வைப்பதில்லை என்று நிச்சயம் கேட்க வேண்டும்.

குழாய்க்கு வயதானால்?

ஒரு குழாய் 40, 50 வருடம் ஓடும். இன்றைக்குப் பதித்தால் அடுத்த தலைமுறை காலத்திலும் அது மண்ணுக்குள் இருக்கும். அதற்குள் மின்வாகனங்கள் பெருகி, பெட்ரோல் தேவை குறைந்து, குழாய் பாதியில் சும்மா கிடக்கவும் வாய்ப்புண்டு. அப்போது அதை யார் எடுப்பது?

நாகூர் பட்டினச்சேரி மீனவர்கள் இந்தக் கேள்வியை 2023 மார்ச்சில் சந்தித்தார்கள். சென்னை பெட்ரோலியம் (சிபிசிஎல்) நிறுவனத்தின் குழாயிலிருந்து கரையோரத்தில் கச்சா எண்ணெய் கசிந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகாமல் போராடினார்கள். அவர்கள் கோரிக்கை ஓட்டையை அடைப்பதோடு நிற்கவில்லை, குழாயையே எடுத்துவிடச் சொன்னார்கள். ஒவ்வொரு குழாய்த் திட்டத்திலும் அகற்றும் செலவுக்கென்று தொடக்கத்திலேயே ஒரு வைப்புத்தொகை இருந்தால் இப்படிப் போராட வேண்டியிருக்காது.

அறிவிக்கை வந்தால் கவனிக்க வேண்டியவை

1. உபயோக உரிமை எடுக்கும் எண்ணம் அரசிதழில் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபனை கொடுக்கலாம். தகுதி பெற்ற அலுவலர் விசாரித்தாக வேண்டும். பலர் இந்தக் கெடு முடிந்தபின்தான் விஷயத்தையே கேள்விப்படுகிறார்கள்.

2. அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாகப் பயன்படும் இடம், நிரந்தரக் கட்டடம் உள்ள இடம், வீட்டைச் சேர்ந்த நிலம் ஆகியவற்றுக்கு அடியில் குழாய் போடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. தோட்டத்து வீடும் இதில் அடங்குமே, அதை எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

3. குழாயில் ஓடப்போவது என்ன பொருள், வால்வு நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு சின்னக் கசிவைக் கருவி கண்டுபிடிக்கும் என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு ஆபத்து என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

4. கிணற்று நீரையும் போர் நீரையும் குழாய் வருவதற்கு முன்பே பரிசோதனை செய்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கசிவு நடந்தால் முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

5. இழப்பீட்டுத் தொகை ஏற்புடையதாக இல்லையென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். பக்கத்தில் சமீபத்தில் நடந்த கிரயப் பத்திரங்களின் நகல்களைச் சேர்த்து வையுங்கள். வழிகாட்டி மதிப்புக்கும் உண்மையான விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட வேறு வழியில்லை.